ஏட்டுச் செஞ்சியும் பாட்டுச் செஞ்சியும்

"மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேணும்பா. ஆனா வகுப்பு எடுக்காதே. நம்ம பசங்க படிக்கிற மாதிரி எழுது" என்று சங்கச் செயலாளர் தொலைபேசியில் அன்புக் கட்டளை போட்டார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாற்று ஆசிரியராக இருந்தவனைப் பார்த்து வகுப்பு எடுக்காதே என்றால் எப்படி? இருந்தாலும் முயற்சி செய்கிறேன். உட்கார்ந்து கேட்பதுதானே வகுப்பு? இது நடந்துகொண்டே கேட்பது.

சென்ற தை மாதம், வரலாற்றுத் துறையில் இப்போது படிக்கும் இருபது மாணவ மாணவிகளும் பழைய மாணவர்களில் நான்கைந்து பேருமாகச் செஞ்சிக்குப் போய் ஒரு நாள் முழுக்க நடந்தோம். நாம் படித்த காலத்தில் செஞ்சிக்குப் போகாதவர் யார்? வகுப்பைக் கட் அடித்துவிட்டுத் திண்டிவனத்தில் பஸ் ஏறிய மகானுபாவர்கள் சிலர் இன்று பெரிய பதவிகளில் இருந்து ஓய்வு பெற்றிருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன், பயப்பட வேண்டாம்! போனோம், ஏறினோம், போட்டோ பிடித்தோம், மல்லாட்டை தின்றோம், திரும்பினோம். ஊரைப் பார்த்தோமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லவேண்டும்.

இந்த முறை வேறு மாதிரி. ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு நோட்டு. அதில் இடது பக்கம் ஏடு சொல்வது, அதாவது கல்வெட்டும் ஆவணமும் நூலும் சொல்வது. வலது பக்கம் பாட்டு சொல்வது, அதாவது ஊர் வாய் சொல்வது. இந்த ஏற்பாட்டுக்கு ஒரு காரணம் உண்டு. அது என் சொந்தத் தவறு சம்பந்தப்பட்டது. செட்டிக்குளக் கரைக்கு வந்ததும் சொல்கிறேன்.

பேருந்து நிலையத்திலிருந்து

காலை ஆறு மணிக்குப் பேருந்து நிலையத்தில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம். கோட்டை, ஊருக்கு மேற்கே திருவண்ணாமலைச் சாலையில் இருக்கிறது. பனி விலக விலக மூன்று மலைகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வடக்கே கிருஷ்ணகிரி, மேற்கே ராஜகிரி, தெற்கே சந்திரகிரி என்கிற சந்திராயன் துர்க்கம். உருட்டி விட்ட மாதிரி பாறைகள். அவற்றை இணைத்து ஓடும் மதில், முக்கோணமாக மூன்று மலையையும் வளைத்துக் கட்டுகிறது. பாதி வேலையை இயற்கையே முடித்து வைத்திருக்க, மீதியை மனிதன் செய்தான்.

"சார், செஞ்சின்னு ஏன் பேர் வந்துச்சு?" என்று முதல் கேள்வி. டீக்கடைக்காரர் என்னை முந்திக்கொண்டார். "செஞ்சியம்மன் காவல் காக்குற ஊரு தம்பி. ஏழு கன்னிமாருங்கள்ல ஒருத்தி." வலது பக்கத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். நாள் தொடங்கி ஐந்து நிமிஷத்துக்குள் வலது பக்கம் நிரம்பத் தொடங்கிவிட்டது!

ஏடு சொல்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வழிவழியாக வந்த வரலாற்றுச் சுவடிப்படி, 1190-ஐ ஒட்டி ஆனந்தக் கோன் என்ற இடையர் தலைவன் முதலில் இங்கே சிறிய கோட்டை கட்டினான். ஆடு மேய்க்கும்போது மலையில் புதையல் கிடைத்தது என்பார்கள். ராஜகிரிக்கு ஆனந்தகிரி என்றும் பெயர் இருந்தது. கிருஷ்ணகிரி அவனுக்குப் பின் வந்த கிருஷ்ணக் கோன் பெயரில் அமைந்தது. பிறகு விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள். இன்று நாம் பார்க்கும் பெரும்பகுதி அவர்கள் காலத்தில் வளர்ந்ததுதான். 1597-ல் கிருஷ்ணப்ப நாயக்கரைப் பார்க்க வந்த பிமெண்டா என்ற ஏசு சபைப் பாதிரியார், லிஸ்பனை விட்டுவிட்டால் போர்ச்சுக்கல்லில் இவ்வளவு பெரிய நகரம் இல்லை என்று எழுதிவைத்தார். நம்ம செஞ்சியைத்தான்! 1648-49-ல் பீஜப்பூர் படை பிடித்தது. 1677-ல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் மராட்டிய நாட்டை விட்டுத் தப்பி வந்து இங்கே இருந்துதான் ஆட்சி செய்தார். மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690-லிருந்து 1698 வரை முற்றுகை போட்டுத்தான் கோட்டையைப் பிடிக்க முடிந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். 1750-ல் ஓர் இரவில் பிரெஞ்சுக்காரர் புஸ்ஸி பிடித்தார். 1761-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1780-ல் ஹைதர் அலி பிடித்தார்.

அறுநூறு ஆண்டு வரலாறு. இத்தனை பேர் ஆண்ட ஊரில் யாரை நிறுத்திக் கேட்டாலும் என்ன சொல்கிறார்கள்? "தேசிங்கு ராஜா கோட்டை." அவ்வளவுதான்! அந்தத் தேசிங்கு ஆண்டது பத்து மாதம். ஏன் இப்படி? அன்றைய நடையின் கேள்வியே இதுதான்.

மசூதியும் தூண் இல்லாத கோயிலும்

சாலையிலிருந்து தெற்கே திரும்பிப் புதுச்சேரி வாசல் பக்கம் போனோம். அங்கே சாதத்துல்லா கான் மசூதி. பாரசீகக் கல்வெட்டு உள்ளது. 1717-18-ல் கட்டியது. ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான், தேசிங்கை வென்றதற்குப் பிறகு எழுப்பியது.

இங்கே ஏட்டுக் கதையைச் சொன்னேன். மொகலாயர் கோட்டையைப் பிடித்த பிறகு, சொரூப் சிங் என்ற புந்தேல ராஜபுத்திரரைக் கோட்டை அதிகாரியாக வைத்தார்கள். அவர் 1714 தொடக்கத்தில் இறந்தார். மகன் தேஜ் சிங் வடக்கே புந்தேல்கண்டிலிருந்து வந்து பொறுப்பேற்றான். தேஜ் சிங்தான் நம் வாயில் தேசிங்கு ஆனான். நவாப் தரப்பின் வாதம் இரண்டு: பல வருஷக் கப்பப் பாக்கி இருக்கிறது, உன் அப்பாவுக்கு ஔரங்கசீப் தந்த ஃபர்மான் பழசு, புதுப் பாதுஷா புதுப்பித்துத் தராமல் அது செல்லாது. இளைஞன் ஒப்புக்கொள்ளவில்லை. 1714 அக்டோபர் 3-ம் தேதி சண்டை. குண்டு பட்டு இறந்தான். வயது 22 என்பார்கள். இடது பக்கம் அவ்வளவுதான். வரி பாக்கி, காகிதத் தகராறு, ஒரு சாவு.

"ரெவின்யூ கேஸ் மாதிரி இருக்கே சார்" என்றான் ஒரு பையன். சரியாகத்தான் சொன்னான்.

பக்கத்தில் வெங்கடரமணர் கோயில். முத்தியாலு நாயக்கர் கட்டியது என்பார்கள். கோபுரத்து அடியில் ராமாயணச் சிற்பங்கள் இன்னும் அழகாக இருக்கின்றன. ஆனால் உள்ளே போனால் நெஞ்சு காலியாகிவிடும். தூண்கள் போன இடம் எது தெரியுமா? புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி உயரமான கல் தூண்கள் நிற்கின்றனவே, அவை இங்கிருந்து பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துப்போனவை. கடற்கரையில் அந்தத் தூண்களுக்குக் கீழே உட்கார்ந்து காற்று வாங்காத பழைய மாணவர் நம் சங்கத்தில் உண்டா? அடுத்த முறை போகும்போது தூணைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள். அது நம்ம ஊர்க் கல்.

கல்யாண மகாலும் மலையும்

உள்கோட்டையில் குதிரை லாயங்கள், நெற்களஞ்சியம், ஆனைக்குளம், ராஜா குளித்ததாகச் சொல்லும் வழவழப்பான பெரிய கல், நடுவே கல்யாண மகால். சதுர முற்றம், நடுவில் அடுக்கடுக்காக எழும் கோபுரம், மேலே கூர்நுனிக் கூரை. சக்கரக்குளத்துத் தண்ணீரைச் சுடுமண் குழாய் வழியாக மேல்மாடிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். குளம் மகாலைவிட உயரத்தில் இருப்பதால் பம்பு செட் இல்லாமலே தண்ணீர் ஏறியது. இயற்பியல் படித்த நம் பழைய மாணவர் ஒருவர் இதை விளக்க ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. சாப்பாட்டு நேரம் நெருங்குகிறது என்று சொல்லி நாங்களே நிறுத்தினோம்.

ராஜகிரி சுமார் 800 அடி. பிற்பகலுக்கு மேல் ஏற விடமாட்டார்கள், ஆகவே வெயிலுக்கு முன்பே ஏறத் தொடங்கினோம். நான் பாதி வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயிலில் உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் வரலாறு அப்படி! உச்சிக்கு முன்னால் ஆழமான பிளவு ஒன்று உண்டு. அதைக் கடக்கப் பாலம். அந்தக் காலத்தில் எடுத்துவிடக்கூடிய மரப்பாலமாக இருந்தது. பாலத்தை இழுத்துக்கொண்டால் கீழே எத்தனை ஆயிரம் பேர் நின்றாலும் மேலே இருப்பவனை ஒன்றும் செய்ய முடியாது. எட்டு வருஷ முற்றுகை ஏன் என்று அங்கே நின்று பார்த்தால்தான் புரியும், புத்தகத்தில் புரியாது.

அம்மன் கோயிலில் ஒரு பெண்மணி கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார். "ராஜாவெல்லாம் வந்தாங்க, போனாங்க சார். ஆத்தா மட்டும் போகல" என்றார். கோட்டை கட்டுவதற்கு முன்பே இவள் இருந்தாள் என்பது ஊர் நம்பிக்கை. இங்கிருந்து சில மைல் தள்ளி மேலச்சேரி இருக்கிறது. பழைய செஞ்சி என்று அதைத்தான் சொல்வார்கள். பாரதக் கதை முடிந்த பிறகு, ஓர் அசுரனின் தொல்லையிலிருந்து செஞ்சி அரசனைக் காப்பாற்றத் திரௌபதி மறுபடியும் அவதரித்தாள் என்பது மேலச்சேரிக் கோயில் கதை. நம் பக்கத்துக் கிராமங்களில் பாரதம் படித்து, கூத்து ஆடி, தீ மிதிக்கிறார்களே, அந்தத் திரௌபதி வழிபாட்டுக்கு மூல ஊர் இதுதான் என்று கோயில்காரர்கள் சொல்வார்கள். ஆல்ஃப் ஹில்டபைடல் என்ற அமெரிக்க அறிஞர் இதை ஆராய்ந்து 1988-ல் பெரிய நூலே எழுதினார். அதன் தலைப்பிலேயே செஞ்சியையும் குருக்ஷேத்திரத்தையும் சேர்த்துப் போட்டார். நாம் 'கூத்துதானே' என்று விட்டதைக் கடல் கடந்து வந்தவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போனார்.

செட்டிக்குளக் கரை

மலையடிவாரத்தில் சக்கரக்குளம், செட்டிக்குளம் என்று இரண்டு குளங்கள். பக்கத்திலேயே 'கைதிக் கிணறு' என்று ஒன்று. கிணறு இல்லை, பெரிய பாறையில் இயற்கையாக உண்டான ஒரு பொந்து. கைதிகளை மேலிருந்து தள்ளிப் பட்டினி போட்டார்கள் என்று சொல்வார்கள். செட்டிக்குளக் கரையில்தான் தேசிங்கின் உடலை எரித்தார்கள், ராணியும் தீயில் இறங்கினாள் என்று ஊர் சொல்லும்.

பிள்ளைகளை உட்காரவைத்து வலது பக்கத்துக் கதையைச் சொன்னேன். சிறு வயதில் என் பாட்டி சொன்னதும், சந்தையில் விற்ற 'பெரிய எழுத்து' புத்தகத்தில் படித்ததும் சேர்ந்தது அது. டில்லி பாதுஷாவிடம் யாராலும் அடக்க முடியாத குதிரை ஒன்று. தேசிங்கின் அப்பாவும் அதை அடக்க முடியாமல் சிறையில் கிடந்தார். பையன் போய் ஏறி அடக்கி, அப்பாவை மீட்டான். குதிரையின் பெயர் பாராசாரி. இல்லை, நீலவேணி என்று சண்டைக்கு வருகிறவர்களும் செஞ்சியில் உண்டு! தேசிங்கின் உயிர் நண்பன் மகபத்கான், பாட்டில் மோவுத்துக்காரன். சண்டைச் செய்தி வந்தபோது அவனுக்குக் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. மணக்கோலத்தோடு எழுந்து வந்துவிட்டான். தேசிங்கும் ராணியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூடாத விரத காலம். திரைக்கு உள்ளே நின்று வெற்றிலை மடித்துக் கொடுத்து அனுப்பினாள். ஆற்றில் வெள்ளம். கடந்து போனவர்கள் கொஞ்சம் பேர். நண்பன் முதலில் விழுந்தான். பாட்டில் தேசிங்கு எதிரியின் குண்டுக்குச் சாகவில்லை. வாளை மேலே வீசி, நெஞ்சைக் காட்டி ஏந்திக்கொண்டான். அந்த வீரத்தையும் ராணியையும் பார்த்து நவாபே கலங்கினார் என்றும், அவள் நினைவாகத்தான் பாலாற்றங்கரையில் ராணிப்பேட்டை உண்டானது என்றும் கதை முடியும். மகபத்கான் சமாதியும் குதிரையின் சமாதியும் நீலாம்பூண்டி பக்கம் இருப்பதாகக் காட்டுவார்கள். 1960-ல் எம்.ஜி.ஆர். படமாகவும் வந்தது, அதில் அவருக்கு இரட்டை வேடம்.

இப்போது என் தவறு. 1984. நான் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு. துறைச் சுற்றுலாவாக இதே கரைக்கு வந்தோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், நாங்கள் கேட்காமலே வந்து உட்கார்ந்து தேசிங்கு கதையைச் சொல்ல ஆரம்பித்தார். சொல்லிக்கொண்டே வந்தவர், ராணி தீயில் இறங்கும் இடம் வந்ததும் பாடத் தொடங்கினார். அந்த வாரம்தான் நான் நூலகத்தில் சி.எஸ். சீனிவாசாச்சாரியார் 1943-ல் எழுதிய செஞ்சி வரலாற்று நூலைப் புரட்டியிருந்தேன். புதுப் பணக்காரன் கதைதான். அறிவைக் காட்டாமல் இருக்க முடியவில்லை. குறுக்கே புகுந்து, "தாத்தா, இதுக்கெல்லாம் ஆதாரம் என்ன? அவன் பேரே தேஜ் சிங். குண்டு பட்டுச் செத்தான். நீங்க சொல்றது சினிமாக் கதை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பெரியவர் கோபப்படவில்லை. பாட்டை நிறுத்திவிட்டார். "படிச்ச புள்ளைங்க, உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது எங்கள் பேராசிரியர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "அவர் பாடினதை எழுதிக்கிட்டியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "நீ சொன்னது புத்தகத்துல இருக்கு, எப்ப வேணும்னாலும் படிச்சுக்கலாம். அவர் பாடினது எங்க இருக்கு?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

ஆசிரியர் வேலை கிடைத்து ஆறேழு வருஷம் கழித்து ஒரு டேப் ரிக்கார்டரோடு அந்தப் பெரியவரைத் தேடிப் போனேன். இறந்துவிட்டிருந்தார். மகன் சென்னையில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். மருமகள் தண்ணீர் கொடுத்து, "மாமா ராவெல்லாம் பாடினே இருப்பாரு. எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார். அவர் பாடிய அந்த இடம், அதாவது தீக்கு முன்னால் நின்று ராணி பேசுவதாக வரும் பகுதி, நான் படித்த எந்த அச்சுப் புத்தகத்திலும் அப்படி இல்லை. வேறு மாதிரி இருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது. சொற்கள் நினைவில்லை.

இதைச் சொல்லி முடித்தபோது யாரும் பேசவில்லை. பிறகு ஒரு மாணவி கை தூக்கினாள். "சார், ராணி பேரு என்ன?"

பாட்டில் 'ராணிபாய்' என்று வருகிறது என்றேன். "ராணின்னா ராணி. பாய்னா அம்மா மாதிரி ஒரு மரியாதை. அது பேரு இல்லையே சார்" என்றாள். யோசித்துப் பார்த்தேன். மசூதியில் நவாப் பெயர் உண்டு. மலைக்குக் கிருஷ்ணக் கோன் பெயர் உண்டு. குதிரைக்கே இரண்டு பெயர் உண்டு. ராணிப்பேட்டை என்று ஓர் ஊரே அவளை வைத்து ஏற்பட்டது என்கிறார்கள், அதிலும் பெயர் இல்லை. உடன்கட்டை ஏறியதை வீரம் என்று நான் பெருமைப்பட வரவில்லை. இளம் பெண் ஒருத்தி நெருப்பில் போனது பெருமைப்படும் விஷயமும் இல்லை. ஆனால் அவள் ஏதோ பேசினாள் என்று ஒருவர் பாடினார். அதை வாய்மூட வைத்தவன் நான். அந்தப் பெண் பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் அந்தப் பாட்டில் இருந்ததோ என்னவோ.

சிங்கவரம்

சாயங்காலம் ஊருக்கு வடக்கே சிங்கவரம். பல்லவர் காலக் குடைவரையில் பாறையோடு பாறையாகச் செதுக்கிய பள்ளிகொண்ட ரங்கநாதர். தேசிங்கின் குலதெய்வம் இவர் என்பது கதை. போருக்கு உத்தரவு கேட்டு வந்தபோது, இன்று போகாதே என்றாராம். அவன் கேட்கவில்லை. பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார், இன்றும் அப்படியே இருக்கிறது என்று அர்ச்சகர் தீபம் காட்டினார். சிலை பல்லவர் காலத்தது, தேசிங்குக்கு ஆயிரம் வருஷம் முந்தியது என்று எனக்குத் தெரியும். 1984-ல் இருந்த நானாக இருந்தால் உடனே சொல்லியிருப்பேன். இந்தத் தடவை அர்ச்சகர் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்த பிறகு, இரண்டையும் இரண்டு பக்கத்தில் எழுதச் சொன்னேன்.

அதற்கும் அப்பால் திருநாதர்குன்று. பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்கள், பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு வரிசை. ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்த சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரின் கல்வெட்டும் அங்கே உண்டு. பெயர், நாள் கணக்கு எல்லாம் கல்லில் இருக்கிறது. ஆனால் ஊரில் அவரைப் பற்றி ஒரு கதை கேட்டோம், கிடைக்கவில்லை. ராணிக்குக் கதை உண்டு, பெயர் இல்லை. சந்திரநந்திக்குப் பெயர் உண்டு, கதை இல்லை. ஏடு மட்டும் போதாது, பாட்டு மட்டும் போதாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

கேள்விக்குப் பதில்

பத்து மாதம் ஆண்டவனை ஊர் ஏன் பிடித்துக்கொண்டது? அன்று இரவு நோட்டுகளைப் புரட்டியபோது எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். கோட்டையைப் பிடித்தவர்கள் எல்லோரும் ஜெயித்தவர்கள். ஜெயித்தவர்கள் கல்வெட்டு வைத்துக்கொண்டார்கள். தோற்றவனுக்குப் பாட்டைத் தவிர வேறு இடமில்லை. அதோடு, வடக்கேயிருந்து வந்த ராஜபுத்திரனையும் அவனுடைய முஸ்லிம் நண்பனையும் தமிழ்க் கிராமத்து ஜனங்கள் தங்கள் பிள்ளைகளாக எடுத்துக்கொண்டார்கள். எதிரியான நவாபுக்குக்கூடக் கண்ணீர் கொடுத்தார்கள். வரி பாக்கியில் முடிந்த ஒரு சண்டையை எடுத்து, கல்யாணத்தை விட்டு வரும் நட்பைப் பற்றிய கதையாக மாற்றினார்கள். அது நடந்ததா என்பது ஒரு கேள்வி. இருநூறு முந்நூறு வருஷம் இந்த ஜனங்கள் எதை உசத்தியாக நினைத்தார்கள் என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு அந்தப் பாட்டுதான் ஆதாரம். ஆதாரம் என்ன என்று கேட்டேனே, ஆதாரமே எதிரில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தது!

இதை இப்போது எழுத ஒரு அவசரமும் உண்டு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, 'மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று நம் செஞ்சி. நமக்குப் பெருமைதான், சந்தேகமில்லை. இனி வெளியூர்க்காரர்கள் நிறையப் பேர் வருவார்கள். பலகையில் சிவாஜி இருப்பார், ராஜாராம் இருப்பார், இருக்கவேண்டியவர்கள்தான். ஆனந்தக் கோனும் கமலக்கண்ணியும் மோவுத்துக்காரனும் பெயரில்லாத ராணியும் எங்கே இருப்பார்கள்? நாம் நடந்து, கேட்டு, எழுதினால்தான் இருப்பார்கள்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் சந்திப்பு முடிந்த மறுநாள் செஞ்சி நடை ஒன்றை வைப்போம். ஒவ்வொரு மாணவரோடும் ஒரு பழைய மாணவர். சொந்த ஊரில் பாடத் தெரிந்த பாட்டியோ, கூத்து ஆடிய தாத்தாவோ இருந்தால் அவர்களையும் கூட்டிவாருங்கள். பஸ் செலவு என்னுடையது. தம்பி தங்கைகளே, உங்கள் கையில் இருக்கும் செல்போனில் ஒரு பொத்தானை அமுக்கினால் பதிவாகிவிடும். என்னைப் போல டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஆறு வருஷம் கழித்துப் போக வேண்டியதில்லை.

அன்று திரும்பும்போது அந்த மாணவியின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். 'செட்டிக்குளம்' என்று தலைப்பிட்டு, இடது பக்கம் 1714 என்று எழுதியிருந்தாள். வலது பக்கம் 'ராணி பெயர்' என்று எழுதி, எதிரே கோடு போட்டு இடம் விட்டிருந்தாள். மறுவாரம் அவள் அம்மாயி ஊருக்குப் போகிறாளாம். மேலச்சேரிப் பக்கம். "அங்க ஒரு ஆயா பாடுவாங்களாம் சார், கேட்டுட்டு வரேன்" என்றாள்.

போய்க் கேட்டுவிட்டு வா, தாயே. அவர் பாடி முடிக்கும்வரை குறுக்கே மட்டும் பேசிவிடாதே.